இடத்தே உட்கார்ந்த 16 வருஷம்

வில்லுப்பாட்டு பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பார்ப்பது, வில்லுக்கு நேரே உட்கார்ந்து இரண்டு கையிலும் வீசுகோலைச் சுழற்றிக் கதை சொல்கிறவரைத்தான். அவருக்கு அந்தப் பக்கம், குடத்தை ஒட்டி இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். முன்பாடகர் ஒரு வரி பாடினால் அதன் கடைசிப் பாதியைப் பிடித்துத் திரும்பப் பாடுவார். வசனமாகச் சொன்னால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 'ஆமா' என்பார். நோட்டீசில் அவர் பெயர் இருக்காது. முன்பாடகர் இருக்கும் பக்கத்தை வலத்தே என்றும், பின்பாட்டுக்காரர் இருக்கும் பக்கத்தை இடத்தே என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வோம். நான் 1991 முதல் 2007 வரை இடத்தே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது வலத்தே உட்கார்ந்து பாடுகிறேன். சொந்தமாகவும் கதை கட்டியிருக்கிறேன். கல்லூரிகளுக்குப் பாடப் போனால் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எப்படிம்மா பாட்டு எழுத ஆரம்பிச்சீங்க?" மேடையில் நின்றுகொண்டு இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே சாவகாசமாக எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், தாமிரபரணித் தண்ணீர் கால்வாயில் ஓடிவரும் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஆண்களுக்கு வயல் வேலை. பெண்களுக்குப் பீடி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மத்தியப் பிரதேசத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் இலையை முதல் நாளே தண்ணீரில் நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைப்பார்கள். மறுநாள் தகட்டை அளவுக்கு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளைப் பரப்பி, உருட்டி, நூல் சுற்றி, சின்ன இரும்புக் குச்சியால் வாயை மடக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. அம்மா இதைத் தன் 12 வயதில் தொடங்கியவள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் மடியில் முறம் இருந்தது, பக்கத்தில் ரேடியோ இருந்தது.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் வந்தது. அதற்கு முன்னாலிருந்தே இலங்கை வானொலியும் எங்கள் பக்கத்துக்குத் தெளிவாகக் கேட்கும். வில்லுப்பாட்டு ஒலிபரப்பாகும் நாளில் தெருவில் ஒரு வீட்டில் விட்ட வரியை அடுத்த வீட்டுத் திண்ணையில் பிடித்துக்கொள்ளலாம். சுப்பு ஆறுமுகம் ஐயாவின் குரலை நான் முதலில் கேட்டது அப்படித்தான். சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்தவர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து சென்னைக்குப் போய், வில்லைச் சபாக்களுக்கும் வானொலிக்கும் கொண்டுபோனவர். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2022 அக்டோபரில் காலமானார். அவர் கதை சொல்கிற வேகமும் தெளிவும் அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் கேட்டு முடித்ததும், "நம்ம கோயில்ல பாடுதது வேறட்டி" என்பாள். என்ன வேறு என்று எனக்கு 9 வயதில் தெரிந்தது.

1981, பங்குனி மாதம். எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழா. வியாழன் ராத்திரி குடியழைப்பு, வெள்ளிக்கிழமை பகலும் ராத்திரியும் கொடை. கோயிலில் பட்டவராயனுக்கும் ஒரு பீடம் உண்டு. முத்துப்பட்டன்தான் செத்தபின் சாமியாகிப் பட்டவராயன் ஆனவன், அதனால் நடுராத்திரிச் சாமக்கொடைக்கு முன்னால் முத்துப்பட்டன் கதையைப் பாடியாக வேண்டும். அந்த வருஷம் வில்லடிக்க வந்தவர் ஒரு பெண். நாகர்கோவில் பக்கம் என்று சொன்னார்கள். பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பச்சை சேலை, நெற்றி நிறையத் திருநீறு, மூக்குத்தி டியூப்லைட்டில் மின்னிக்கொண்டிருந்தது. பெண்கள் வில்லடிப்பது எங்கள் ஊருக்குத்தான் புதுசு. தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் பூங்கனி அம்மா போன்றவர்கள் சிறுமியாக இருந்தபோதே வில்லின் முன்னால் உட்கார்ந்தவர்கள். பூங்கனி அம்மா 2018இல் 80 வயதைத் தாண்டிக் காலமானபோது, அவர் பாடிக்கொண்டிருந்த காலத்தில் நேரில் கேட்காமல் போனோமே என்று நினைத்து நினைத்து அழுதேன்.

மறுநாள் காலையில் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்ததால் அம்மா முறத்தையும் எடுத்துக்கொண்டுதான் கொடைக்கு வந்திருந்தாள். அவள் மட்டுமல்ல, பெண்கள் வரிசையில் ஏழெட்டு முறம் இருந்தது. டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து கதையைக் கேட்டபடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் விரல்கள் கண்ணில்லாமலே வேலை பார்க்கும். இலை, தூள், உருட்டல், நூல், மடக்கு. நான் அவள் தொடையில் தலை வைத்துப் படுத்திருந்ததால் அந்த விரல்களும் அதற்கு மேலே வில்லடிக்கிற பெண்ணின் முகமும் ஒரே பார்வையில் தெரிந்தன.

முத்துப்பட்டன் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழு அண்ணன் தம்பிகளில் கடைசிப் பிள்ளை, பிராமணன். அண்ணன்மாரோடு மலையடிவாரத்தில் வரும் வழியில் இரண்டு பெண்கள் பாடுவதைக் கேட்கிறான். பொம்மக்கா, திம்மக்கா. வாலப்பகடை என்ற அருந்ததியரின் மகள்கள். பாட்டைக் கேட்டுத்தான் அவன் வழிமாறிப் போகிறான், முகத்தைப் பார்த்தது அதற்கப்புறம். பெண் கேட்டு வாலப்பகடை முன்னால் நிற்கிறான். அவர் சொல்கிறார்: குடுமியை அறு, பூணூலை அறு, தோலை எடுத்துப் பதப்படுத்து, உன் கையால் செருப்புத் தைத்து எங்களைப் போல ஆகி வா, அப்புறம் பேசுவோம். அண்ணன்மார் அவனைக் கல்லால் கட்டிய அறைக்குள் அடைத்து வைத்தும் அவன் தப்பி வந்து செருப்புத் தைக்கிறான். கல்யாணம் நடக்கிறது. அன்றைக்கு ராத்திரியே கிடைமாட்டைக் கள்ளர்கள் ஓட்டிக்கொண்டு போக, மாமனாரின் மாட்டை மீட்கப் போகிறான், சண்டையில் ஜெயிக்கிறான், ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது ஒளிந்திருந்த ஒருவன் கையால் சாகிறான். இரண்டு பெண்களும் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றைக்கும் பட்டவராயன் சந்நிதியில் ஜனங்கள் காணிக்கையாகக் கட்டுவது செருப்பு. அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் அடி தேய்ந்திருக்கும், பட்டவராயன் போட்டுக்கொண்டு மலையில் நடக்கிறான் என்பது நம்பிக்கை. அம்மாவோடு ஆடி அமாவாசைக்குப் போய் அந்தச் செருப்புகளை நானும் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு அந்தப் பெண் செருப்புத் தைக்கிற இடத்துக்கு வந்தார். வில்லை அடிக்கவில்லை. குடமும் உடுக்கையும் நின்றுவிட்டன. ஜால்ரா மட்டும் மெல்ல, ஒற்றை ஒற்றையாக. ஊசி உள்ளே போகிறது, வெளியே வருகிறது, பழக்கமில்லாத கையில் குத்துகிறது, திரும்ப உள்ளே போகிறது என்று ஒவ்வொரு தையலாகப் பாடினார். இடத்தே இருந்தவர் ஒவ்வொரு தையலுக்கும் 'ஆமா' என்றார், சத்தம் குறைந்துகொண்டே போனது. என் முகத்துக்கு மேலே நூல் நின்றது. அண்ணாந்து பார்த்தேன். அம்மாவின் கை பாதி மடக்கிய பீடியோடு அப்படியே நின்றிருந்தது. கண்ணைத் துடைத்தால் தூள் பட்டு எரியும் என்பதால் துடைக்காமல் விட்டிருந்தாள்.

காய்ச்சலில் படுத்திருந்தபோதும், அப்பா சத்தம் போட்டபோதும்கூட நின்று பார்க்காத கை அது. ஒரு பாட்டு அதை நிறுத்திவிட்டது. அந்தக் காரியத்தை நானும் செய்ய வேண்டும் என்றுதான் பாடகியாக ஆசைப்பட்டேன். மேடை, மாலை, பெயர் எதுவும் அந்த வயதில் கணக்கில் இல்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எனக்கும் ஒரு முறம் வந்தது. கேட்ட வில்லுப்பாட்டையெல்லாம் திண்ணையில் திரும்பப் பாடுவேன். அம்மா உடன்பிறந்த மாமா ஒருவர் குடம் அடிப்பவர். அவர் கேட்டுவிட்டு 1989இல் ஒரு குழுவில் கொண்டுபோய் விட்டார். 17 வயசுப் பிள்ளையை ராத்திரி ராத்திரியாக ஊர் ஊராக அனுப்புவதா என்று சொந்தக்காரர்கள் பேசாத பேச்சில்லை. அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "தாய்மாமன்கூடத்தான போறா." அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டார்கள்.

குழுத் தலைவரை நாங்கள் அண்ணாவி என்போம். முதலில் என் கையில் கொடுத்தது ஜால்ரா. இரண்டு வருஷம் அதை மட்டும் தட்டினேன். அந்தச் சமயத்தில் மாமா குடத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தது நிறைய. குடம் வாங்கும்போது குயவர் வீட்டில் பத்துக் குடத்தைத் தட்டிப் பார்த்து ஒன்றை எடுப்பார். பிரிமணையில் உட்கார வைத்து, பனை வைரத்தில் செய்த வில்லின் வளைவை அதன் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவார். ஒரு கையில் கமுகம்பாளைப் பத்தி, குடத்தின் வாயில் அறைய. இன்னொரு கையில் நாணயம், உடம்பில் தட்ட. பத்தி வாயை மூடித் திறக்கும்போது உள்ளே இருக்கிற காற்றுதான் 'கும்' என்று பேசுகிறது. "குடம் பேசும்போது நீ பேசாதட்டி, அது மூச்சு விடுத இடத்துல நீ பேசு" என்பார். ராகம், தாளம் என்று யாரும் எனக்கு வகுப்பெடுக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் இன்றுவரை பாடுகிறேன்.

1991இல் இடத்தே உட்கார வைத்தார்கள். நான் செய்த பெரிய தவறு அந்த முதல் வருஷத்தில்தான் நடந்தது. ஒரு சுடலைமாடன் கொடை. சாமக்கொடை நேரம், வரத்துப்பாட்டு. சாமியின் பிறப்பைப் பாடப்பாட வேகம் ஏறி, அதற்குத் தக்கபடி கோமரத்தாடிக்கு, அதாவது சாமியாடுகிறவருக்கு, அருள் வர வேண்டும். நையாண்டி மேளம் ஒரு பக்கம் காத்திருக்கிறது. கோமரத்தாடியின் தோள் துடிக்கத் தொடங்கிவிட்டது. அண்ணாவி அப்படி ஒரு குரலில் அன்றைக்குப் பாடினார், வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன். நான் எடுக்க வேண்டிய வரியை எடுக்கவில்லை. ஒரு வரிதான். ஆனால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது, அண்ணாவி அடுத்த வரிக்குத் தாவ, குடம் தடுமாற, கோமரத்தாடி கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். கோயில் முழுக்க அமைதி. திரும்ப முதலிலிருந்து எடுத்து அருள் வரவைக்க அரைமணி நேரம் ஆனது.

விடிந்ததும் அண்ணாவி திட்டுவார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீ நேத்து கேட்டுக்கிட்டு இருந்தெ. கேக்கதுக்கு அங்க ஆயிரம் பேரு உக்காந்திருக்கான் தாயீ. ஒனக்குச் சம்பளம், கேட்டதைச் சொல்லுததுக்கு."

'ஆமா' என்பதைச் சும்மா தலையாட்டுகிற வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. கேட்டுக்கொண்டிருக்கிற அத்தனை ஜனத்துக்கும் மேடையில் ஒரே ஒரு நாற்காலி கொடுத்து, அதில் ஒரு ஆளை உட்கார வைத்தால் அவர்தான் இடத்தே. கூட்டம் எங்கே மூச்சைப் பிடிக்குமோ அங்கே அவர் பிடிக்க வேண்டும். எல்லா 'ஆமா'வும் ஒன்று கிடையாது. நாட்டு வளம் பாடும்போது சொல்லும் 'ஆமா' வாய் நிறையச் சிரிப்போடு வரும். துரோகம் நடக்கப்போகிற இடத்தில் அது கீழே இறங்கும். கேள்வியாக ஒரு வரி முடிந்தால் 'ஆமா' விழவே விழாது, கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும். "யாரு பெத்த பிள்ளையோ?" என்று அவர் முடித்தால் "யாரு பெத்த பிள்ளையோ?" என்று நானும் கேட்டாக வேண்டும். ஒரு வரியில் 'ஆமா' சரியாக உட்காரவில்லை என்றால் தப்பு பின்பாட்டுக்காரரிடம் இல்லை, வரியில்தான் எங்கோ இருக்கிறது. பாட்டுக் கட்டுகிற வித்தை என்று நான் படித்தது மொத்தமும் இதுதான். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம், கதை, வாழி என்று வில்லுப்பாட்டின் உறுப்புகளை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். வரியை நிறுத்துகிற இடத்தைப் புத்தகத்தில் பார்க்க முடியாது.

இதே காலத்தில்தான் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் எங்கள் தெருவுக்கு வந்தது. ராத்திரி எட்டு மணிக்குமேல் பீடிக்கடைத் திண்ணையில் வகுப்பு. எட்டாவது படித்திருந்ததால் நானும் சொல்லிக்கொடுக்கப் போனேன். பெண்கள் தூங்கி விழாமல் இருக்கக் கும்மி மெட்டில் நாலு வரி கட்டிப் பாடச் சொன்னார்கள், கட்டினேன். அப்புறம் சொட்டு மருந்துக்கு, 2003இல் மழைநீர் சேகரிப்புக்கு என்று அரசாங்கத்து விழிப்புணர்வு நிகழ்ச்சிகளுக்கும் எழுதிக் கொடுத்தேன். அவற்றைச் சொந்தப் பாட்டு என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. என்ன சொல்ல வேண்டும் என்பது தாளில் எழுதி வந்துவிடும், மெட்டு மட்டும் என்னுடையது. ஆனாலும் எதுகை மோனை கைக்கு வந்தது அந்த வேலையில்தான்.

2007இல் அண்ணாவிக்குத் தொண்டை போய்விட்டது. வீசுகோலை என் கையில் கொடுத்துவிட்டு அவர் இடத்தே வந்து உட்கார்ந்தார். நான் பாடுவதற்கு அவர் 'ஆமா' சொன்னார். முதல் நாள் எனக்கு வார்த்தையே வரவில்லை. குருவடி பாடுகிற இடத்தில் குரு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தால் எப்படிப் பாடுவது?

நான் முதன்முதலாகப் பாட்டு 'எழுதியது' 2011இல். எழுதினேன் என்பதைவிட விட்டேன் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

முத்துப்பட்டன் கதையில் ஒரு கிளைக்கதை உண்டு. பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள், காட்டில் விடப்பட்ட குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று சில ஏடுகளில் வருகிறது. அண்ணாவி அப்படித்தான் பாடுவார். அவருடைய அண்ணாவியும் அப்படித்தான். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை ஐயா இந்தக் கதையைத் தேடி எடுத்துப் பதிப்பித்தவர். இந்தப் பிறப்புக் கதை பின்னால் வந்து ஒட்டியது என்பது அவர் கருத்து. பாளையங்கோட்டை சேவியர் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறைக்குப் பாடப் போயிருந்தபோது ஒரு மாணவி இதை எனக்குச் சொன்னாள். பஸ்ஸில் வீடு திரும்புகிற வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெண்கள் பிராமணப் பெண்கள் என்றால் பட்டன் எதற்குப் பூணூலை அறுத்தான்? கை குத்துப்பட்டு எதற்குச் செருப்புத் தைத்தான்? அம்மாவின் கை எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தையே அந்த நாலு வரி வெறும் விளையாட்டாக்கிவிடுகிறது. 16 வருஷமாக அந்த நாலு வரிக்கும் நான் ஆமா, ஆமா என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த கொடையில் அந்த வரிகளைப் பாடாமல் தாண்டினேன். "வாலப்பகடை பெற்ற மக்கள்" என்று நேராகப் போனேன். இடத்தே இருந்த அண்ணாவி பழைய வரிக்கு வாயெடுத்துவிட்டு நிறுத்தினார். ஒரு தாளம் காலியாகப் போனது. என்னைப் பார்த்தார். அப்புறம் "ஆமா, பெற்ற மக்கள்" என்று எடுத்தார், நல்ல சத்தமாக.

கோயில் கமிட்டியில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. காலையில் கணக்குத் தீர்க்கும்போது, பிறப்பை ஏன் விட்டாய், கதையை மாற்ற நீ யார் என்று கேட்டார்கள். பேசிய தொகையில் பாதிதான் கொடுத்தார்கள், அடுத்த வருஷம் கூப்பிடவில்லை. எட்டுப் பேர் குழுவுக்குப் பாதிச் சம்பளம் என்றால் என்ன என்பது அந்த ராத்திரி முழுக்கக் கண்விழித்து அடித்தவர்களுக்குத் தெரியும். வேனில் வரும்போது யாரும் பேசவில்லை. அண்ணாவி மட்டும் ஊர் நெருங்கும்போது, "நான் விட்டிருக்கணும்" என்றார். அவருக்கு அப்போது 70 வயசு இருக்கும். மூன்றாவது வருஷம் அவர் இறந்தார். இப்போது வேறு ஊர்களில் அந்த நாலு வரி இல்லாமல்தான் கதை கேட்கிறார்கள், யாரும் தேடவில்லை.

அதற்கப்புறம்தான் எனக்குத் தைரியம் வந்தது. இருக்கிற பொய்யை எடுக்க முடியும் என்றால், இல்லாத ஒரு உண்மையைக் கொண்டுவந்து வைக்கவும் முடியும்தானே? வில்லில் ஏறிய கதையெல்லாம் அகாலத்தில் செத்தவர்கள் கதை. வெட்டுப்பட்டவர்கள், தீயில் விழுந்தவர்கள். அவர்களைச் சாமியாக்கிப் பாடுகிறோம். சாகாமல், திண்ணையில் உட்கார்ந்தபடியே 50 வருஷம் தேய்ந்துபோனவர்களுக்கு வில்லில் இடம் கிடையாதா என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனால் எழுத நேரமில்லை. பங்குனியில் தொடங்கினால் ஆவணி வரை கொடைதான்.

2020இல் அந்த நேரம் கிடைத்தது, கிடைத்திருக்கவே கூடாத விதத்தில். ஊரடங்கில் பங்குனிக் கொடை, சித்திரைக் கொடை எல்லாமே நின்றன. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். வருஷத்துக்கான சம்பாத்தியம் அந்த மாசங்களில்தான் என்பதால் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது ரேஷன் அரிசியில்தான். பீடிக்கடை திறந்ததும் நான் திரும்ப முறத்தை எடுத்தேன். 31 வருஷத்துக்குப் பிறகும் கைக்கு மறக்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இலை மட்டும் வெட்டிக் கொடுப்பாள். கண் மங்கிவிட்டது, விரல் மடங்காது. பீடிக் கணக்கு எழுதும் பாஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் நான் வரிகளை எழுதத் தொடங்கினேன். இலையை வெட்டுகிற கத்தரிச் சத்தமே தாளமாக இருந்தது.

ஊற வச்ச இலையெடுத்து உதறி வெட்டணும் – ஆமா
உள்ளங்கைத் தூளெடுத்து ஓரம் பரப்பணும் – ஆமா
வாய்மடக்கி நூலுசுத்தி வரிசை அடுக்கணும் – ஆமா
வயசு பதினாலுக்குள்ளே வாழ்க்கை மடக்கணும் –

நாலாவது வரிக்குப் பக்கத்திலும் முதலில் 'ஆமா' என்று எழுதியிருந்தேன். ஒத்திகை பார்த்தபோது இடத்தே இருக்கிற பிள்ளை அதைச் சொல்லவில்லை. 22 வயசுப் பெண், அவள் அம்மாவும் பீடிதான். "அதுக்கு எப்படி மதினி ஆமான்னு சொல்ல?" என்றாள். அன்றைக்கே அடித்துவிட்டேன். அந்த இடத்தில் குடம் மட்டும் ஒருமுறை பேசும்.

2022இல் ஒரு அம்மன் கோயில் கொடை. மதியக்கொடை முடிந்து சாயங்காலம் வரை இடைவெளி இருந்தது. கமிட்டியில் இருந்த அண்ணாச்சியிடம், முக்கால் மணி நேரம் கொடுங்கள், பீடி சுற்றுகிறவர்கள் கதை ஒன்று வைத்திருக்கிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க வீட்டுலயும் அதான் தொழிலு. பாடுங்க" என்றார்.

பந்தலில் பெண்கள்தான் அதிகம். முறத்தோடு வந்தவர்கள் இப்போது குறைவு, எண்ணி மூன்று பேர். நான் பாடத் தொடங்கியதும் ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்தார்கள், இதையெல்லாமா பாடுவார்கள் என்பது போல. தட்டுக் கழிக்கிற இடம் வந்தது. கொண்டுபோன பீடியில் நாலு கட்டைச் சரியில்லை என்று ஒதுக்கிப் போட்டுவிட்டு அதற்குக் கூலி இல்லை என்பார்களே, அந்த இடம். நான் வசனத்தை நிறுத்தினேன். எங்கள் பிள்ளை வாயெடுப்பதற்கு முன்னால் பந்தலுக்குள்ளிருந்து 'ஆமா' வந்தது. ஒரு கிழவியின் குரல். அடுத்த வரிக்கு நாலைந்து குரல். அதற்கப்புறம் இடத்தே இருந்தவளுக்கு வேலையே இல்லை, மொத்தப் பந்தலும் இடத்தே ஆகிவிட்டது. நாலாவது வரி திரும்ப வந்தபோது அத்தனை பேரும் தானாக நிறுத்தினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குடம் ஒருமுறை பேசியது. மூன்று முறங்களையும் பார்த்தேன். ஒன்று தரையில் இருந்தது. ஒருத்தி நூலைப் பல்லில் கடித்தபடி அப்படியே இருந்தாள்.

அம்மாவும் வந்திருந்தாள், முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பாட்டு முடிந்து எல்லோரும் என்னிடம் வந்து பேசினார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பாடு போடும்போது கேட்டேன், எப்படி இருந்தது என்று.

"செவத்த நூலுன்னு பாடுனியே, அது யாருட்டி?" என்றாள்.

கதையில் ஒரு வரி இப்படி இருந்தது: செவத்த நூலு சுத்திச் சுத்திச் செவந்த விரலடி. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நூல் கலர். அம்மா சுற்றிய கடைக்குப் பச்சை நூல், 40 வருஷமும் பச்சை. எனக்கும் தெரியும், நானும் அதையேதான் சுற்றினேன். மோனைக்காகச் சிவப்பு என்று போட்டுவிட்டேன். நாலு வரிப் பொய்யை எடுத்ததற்கு அந்தப் பாடு பட்டவள், என் அம்மா கதையில் ஒரு நூலின் நிறத்தை மாற்றி வைத்திருந்தேன்.

பச்சை என்று மாற்றினால் 'செவந்த' உட்காராது. பத்து நாள் அந்த ஒரு வரியோடு கிடந்தேன். அம்மாவின் வலது சுட்டுவிரலில் நூல் அறுத்து, அறுத்த இடம் சீழ் பிடித்து, ஆறி, திரும்ப அறுத்து, இப்போது ஒரு பள்ளமாக இருக்கிறது. ஒருநாள் அதற்கு எண்ணெய் தடவிவிடும்போது, "இது ஒவ்வொரு மழைக்கும் பழுக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தடவியதை அப்படியே விட்டுவிட்டுப் பாஸ் புத்தகத்தை எடுத்தேன்.

பச்சை நூலு சுத்திச் சுத்திப் பழுத்த விரலடி.

பாடிக் காட்டினேன். இன்னொரு தடவை பாடச் சொன்னாள். அப்புறம் கையை நீட்டி, மிச்ச எண்ணெயையும் தடவிவிடச் சொன்னாள்.